‘இன் த பிளாக்’ என்றால் கறுப்புப் பணமா?

“ஆங்கிலத்தில் பணத்தைப் பற்றிய மரபுத்தொடர்கள் ஐம்பது அறுபது மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். பொருளும் தெரியும். ஆனால் பேச்சிலோ மின்னஞ்சலிலோ எடுத்து விட்டால் எதிரில் இருப்பவர் ஒரு மாதிரி பார்க்கிறார். எதை எங்கே சொல்வது? அப்புறம், சிலர் மின்னஞ்சலின் கடைசியில் ‘மை டூ சென்ட்ஸ்’ என்று போடுகிறார்களே, அது எதற்கு?” என்று ஒரு கேள்வி.

அந்த ‘ஒரு மாதிரி’ பார்வையை நானும் வாங்கியிருக்கிறேன். மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், முன்பணம் அனுப்புகிறேன் என்று பேச்சில் சொல்லியிருந்த ஒரு வாடிக்கையாளர் இரண்டு வாரமாகியும் அனுப்பவில்லை. மரியாதையாக நினைவூட்ட வேண்டும், ஆங்கிலமும் கொஞ்சம் மின்ன வேண்டும் என்ற ஆசையில் ‘ப்ளீஸ் புட் யுவர் மனி வேர் யுவர் மவுத் இஸ்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். நான் படித்து வைத்திருந்த பொருள் ‘வாயால் சொன்னதைப் பணத்தால் செய்து காட்டுவது’. அப்படிப் பார்த்தால் சரிதானே? ஆனால் ஆங்கிலக் காதுக்கு அது ‘வாய்ச்சவடால் போதும், காசை எடுத்து வை’ என்று விழும். பந்தயம் கட்டுகிற இடத்தில் தொடையைத் தட்டிச் சொல்கிற பேச்சு அது. முன்னால் ‘ப்ளீஸ்’ சேர்த்தது அதற்கு மேல். கிண்டலும் கலந்துவிட்டது. பணம் மறுநாளே வந்தது. அடுத்த வேலை வரவே இல்லை.

ஆகவே பொருள் தெரிவது பாதிதான். அதை யார் யாரிடம் சொல்லலாம், எந்த வடிவத்தில் சொல்ல வேண்டும் என்பது மறுபாதி. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறவர்கள் இந்த மறுபாதியில்தான் இடறுகிறார்கள்.

சுலபமானதிலிருந்து தொடங்கலாம். சில தொடர்களுக்குத் தமிழில் அச்சு அசலான ஜோடி இருக்கிறது. ‘மனி டஸன்ட் க்ரோ ஆன் ட்ரீஸ்’ என்றால் ‘பணம் என்ன மரத்திலா காய்க்கிறது’. எரிச்சல்கூட அதே எரிச்சல்தான். பெற்றவர்கள் பிள்ளைகளிடம் சொல்வதும் அப்படியே. ‘டேலைட் ராபரி’ என்றால் பகல் கொள்ளை. ‘டைட்டன் யுவர் பெல்ட்’ என்றால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருப்பது. நாம் வயிற்றை நேராகக் கட்டுகிறோம், அவர்கள் இடுப்பு வாரை இறுக்குகிறார்கள். ‘ஹேண்ட் டு மவுத்’ என்றால் வருவது கைக்கும் வாய்க்கும் சரியாகப் போகிற பிழைப்பு. ‘ஒயிட் எலிஃபண்ட்’ என்றால் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. இவற்றையெல்லாம் தயங்காமல் பயன்படுத்தலாம். தமிழில் எங்கே சொல்வீர்களோ அங்கேயே ஆங்கிலத்திலும் பொருந்தும்.

இதே வரிசையில் எனக்குப் பிடித்தது ‘பென்னி வைஸ் அண்ட் பவுண்ட் ஃபூலிஷ்’. கடுகு போன இடத்தை ஆராய்கிறவனுக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று நாம் சொல்வதுதான். இதன் கணக்கு இன்றைய ஆங்கிலேயருக்கே பாதி மறந்திருக்கும். 1971 பிப்ரவரி 15-க்கு முன்பு ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். அன்றைக்குத்தான் அதை 100 ஆக்கினார்கள். அதாவது தொடர் பிறந்த காலத்தில் ஒன்றைச் சேமித்து இருநூற்று நாற்பதைத் தொலைக்கிற முட்டாள்தனத்தைச் சொன்னது. இன்னொரு நுணுக்கம்: இது கஞ்சனைக் குறிக்காது. கஞ்சன் பவுண்டையும் விடமாட்டானே. தேய்ந்த டயரை மாற்றாமல் மிச்சம் பிடித்து, பிறகு வண்டியையே பழுதுபார்க்கக் கொண்டுபோகிறவனுக்குத்தான் இது பொருந்தும். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவனைச் சொல்ல ‘டைட்-ஃபிஸ்டெட்’ இருக்கிறது.

ஜோடி போலத் தெரிந்து காலை வாருகிறவைதான் ஆபத்து. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

‘இன் த பிளாக்’. ஒரு தடவை என்னிடம் சரிபார்க்க வந்த மொழிபெயர்ப்பில், ஒரு நிறுவனம் ‘மீண்டும் கறுப்புப் பணத்தில் இறங்கியது’ என்று இருந்தது. மூலத்தில் அந்த நிறுவனம் நஷ்டத்திலிருந்து மீண்டு லாபத்துக்கு வந்திருந்தது! கணக்குப் பேரேட்டில் வரவை கறுப்பு மையிலும் பற்றாக்குறையைச் சிவப்பு மையிலும் எழுதும் வழக்கத்திலிருந்து வந்தது இது. ‘இன் த ரெட்’ என்றால் நஷ்டம், ‘இன் த பிளாக்’ என்றால் லாபம். தமிழில் பணத்தோடு ‘கறுப்பு’ சேர்ந்தாலே கணக்கில் வராத காசு என்று மூளை ஓடிவிடுகிறது. ஆங்கிலத்திலும் ‘பிளாக் மனி’, ‘பிளாக் மார்க்கெட்’ எல்லாம் உண்டு. ஆனால் ‘இன்’, ‘த’ இரண்டும் முன்னால் ஒட்டிக்கொண்டால் அது நல்ல செய்தி. அந்த இரண்டு குட்டிச் சொற்களில்தான் ஒரு நிறுவனத்தின் மானமே இருக்கிறது.

‘டைட்’ இன்னொரு வலை. மாதக் கடைசியில் ‘கொஞ்சம் டைட்டா இருக்கு’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அதை அப்படியே ‘ஐ ஆம் டைட்’ என்று ஆங்கிலமாக்கினால் ‘நான் கஞ்சன்’ என்று ஆகும். கொஞ்சம் பழைய வழக்கில் ‘நான் போதையில் இருக்கிறேன்’ என்றும் ஆகும். பணத்தைத்தான் எழுவாயாக வைக்க வேண்டும்: ‘மனி இஸ் டைட்’, ‘திங்ஸ் ஆர் டைட் திஸ் மந்த்’. அதே போல ‘ஐ ஆம் ப்ரோக்’ என்றால் கையில் காசில்லை; ‘ஐ ஆம் ப்ரோக்கன்’ என்றால் மனம் நொறுங்கிவிட்டது. கடன் கேட்க இரண்டாவது அதிகம் பயன்படலாம், ஆனால் பொருள் வேறு.

‘சேவ் ஃபார் எ ரெய்னி டே’ என்பதில் மழை நாள் கெட்ட நாள். வெளியே போக முடியாது, வேலை நடக்காது, அதற்காக எடுத்து வை என்கிறது. நமக்கோ மழை வந்தால் மனம் குளிர்கிறது. ‘மழை நாளுக்குச் சேமி’ என்று தமிழில் எழுதினால் படிக்கிறவர் குடை வாங்கச் சொல்வதாக நினைப்பார். ‘அவசரத்துக்கு ஆகுமென்று’, ‘ஆபத்துக்கு உதவுமென்று’ என்றுதான் கொண்டுவர வேண்டும். பக்கத்திலேயே இருக்கிறது ‘நெஸ்ட் எக்’. கோழி அதே இடத்தில் தொடர்ந்து முட்டையிட வேண்டுமென்று கூட்டில் ஒரு முட்டையை விட்டுவைப்பார்கள். பீங்கானில் செய்த போலி முட்டையைக்கூட வைப்பார்கள். ஒன்று இருந்தால் மேலும் சேரும் என்ற எண்ணத்தில் அது சேமிப்புக்குப் பெயரானது. முதலாவது, திடீர்ச் செலவுக்கு ஒதுக்கிய சிறு தொகை. இரண்டாவது, ஓய்வுக்காலத்துக்கென்று ஆண்டுக்கணக்கில் வளர்க்கிற பெரும் தொகை. பழுதான தொலைபேசியை மாற்ற யாரும் நெஸ்ட் எக்கை உடைக்கமாட்டார்கள்.

உப்பையும் சொல்லிவிடுகிறேன். ‘வொர்த் ஹிஸ் சால்ட்’ என்பதைப் பார்த்ததும் உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற நன்றியுணர்ச்சி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை. தமிழ் உப்பு நன்றியைக் கேட்கிறது; ஆங்கில உப்பு திறமையைக் கேட்கிறது. ‘எனி லாயர் வொர்த் ஹிஸ் சால்ட்’ என்றால் ‘வக்கீல் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியுள்ள எவரும்’ என்று பொருள். விசுவாசம் அதில் துளியும் இல்லை.

அடுத்து, பணம் போல வேஷம் போட்டிருக்கிற, ஆனால் பணத்தோடு சம்பந்தமில்லாத கூட்டம். ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்றால் கழிவறைக்குப் போவது. 1851-இல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் கட்டணக் கழிவறைகளை அமைத்தார். கட்டணம் ஒரு பென்னி. அதற்குப் பிறகு பிரிட்டனில் வெகுகாலம் பொதுக் கழிவறைக் கதவின் பூட்டில் ஒரு பென்னியைப் போட்டுத்தான் உள்ளே போனார்கள். ‘இந்தக் கடையில் ஒரு காசுகூடச் செலவழிக்கவில்லை’ என்று சொல்லப்போய் இதை இழுத்துவிடாதீர்கள். இப்போது வயதானவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். கேட்டால் புரிந்தால் போதும்.

‘த பென்னி ட்ராப்ட்’ என்றால் ‘அப்போதுதான் உறைத்தது’. காசு போட்டு இயக்குகிற பழைய இயந்திரத்தில், உள்ளே சிக்கிய நாணயம் ‘டக்’கென்று விழுந்ததும் இயந்திரம் வேலை செய்யத் தொடங்குமே, அந்தக் காட்சி. ‘எ பென்னி ஃபார் யுவர் தாட்ஸ்’ 1546-இல் ஜான் ஹேவுட் தொகுத்த பழமொழி நூலிலேயே இருக்கிறது. ‘என்ன, பலமான யோசனை?’ என்பதுதான் அதற்குத் தமிழ். பேசாமல் உட்கார்ந்திருக்கும் நெருங்கியவரிடம் மெதுவாகக் கேட்பது. கூட்டத்தில் மேலாளரிடம் கேட்கிற கேள்வி இல்லை.

‘பாஸ் த பக்’ பலரை ஏமாற்றுகிறது. பக் என்றால் டாலர் என்று தெரிந்துவைத்திருக்கிறோம், ஆகவே பணத்தைக் கைமாற்றுவது என்று நினைக்கிறோம். இது போக்கர் என்ற சீட்டாட்டத்துச் சொல். சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்ட ஆட்டக்காரர் முன்னால் வைக்கிற அடையாளப் பொருளுக்குப் பக் என்று பெயர். அந்த முறையை அடுத்தவனிடம் தள்ளிவிடுவதிலிருந்து ‘பொறுப்பைத் தட்டிக்கழிப்பது’ என்ற பொருள் வந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் தன் மேசைமேல் ‘த பக் ஸ்டாப்ஸ் ஹியர்’ என்ற பலகையை வைத்திருந்தார். பொறுப்பு என்னைத் தாண்டிப் போகாது என்று அர்த்தம். டாலரைக் குறிக்கும் பக், 18ஆம் நூற்றாண்டில் மான்தோல் பண்டமாற்றுப் பொருளாக இருந்த வழக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. ‘கோ ஃபார் ப்ரோக்’கும் இதே ஜாதிதான். திவாலாகப் போவது இல்லை. இருப்பதையெல்லாம் வைத்து இறங்கிப் பார்ப்பது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைக் கொண்ட 442ஆம் படைப்பிரிவு இதைத்தான் முழக்கமாக வைத்துக்கொண்டது.

இனி வடிவம். மரபுத்தொடர் என்பது கெட்டித்த சங்கதி. தமிழில் ‘யானை விலை குதிரை விலை’ என்றால் சரி. ‘குதிரை விலை யானை விலை’ என்று யாராவது சொன்னால், தமிழைப் புதிதாகக் கற்றவர் என்று உடனே தெரிந்துவிடும். எக்கச்சக்க விலையைச் சொல்லும் ‘ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்’கும் அப்படித்தான். கை முதலில், கால் பிறகு. ‘மை ஆர்ம்ஸ் அண்ட் லெக்ஸ்’ என்று உங்கள் சொந்தக் கைகால்களை எண்ணிக்கையோடு கொடுக்க வேண்டாம். ‘ப்ரேக் த பேங்க்’ பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும்: ‘இட் வோன்ட் ப்ரேக் த பேங்க்’, அதாவது கையைக் கடிக்காது. ‘மேட் ஆஃப் மனி’யும் அப்படியே, ‘நாட் மேட் ஆஃப் மனி’ என்றோ, ‘என்னை என்ன பணத்தாலா செய்திருக்கிறது?’ என்ற பொருளில் கேள்வியாகவோதான் வரும். ‘ஹி இஸ் மேட் ஆஃப் மனி’ என்று பணக்காரரைப் பாராட்டினால் கொஞ்சம் இடிக்கும். வரவுக்குள் செலவைச் சமாளிப்பதை ‘மேக் போத் எண்ட்ஸ் மீட்’ என்று பழைய இலக்கணப் புத்தகங்களில் படித்தோம். தப்பில்லை, ஆனால் இன்றைக்குப் ‘போத்’ இல்லாமல்தான் அதிகம் புழங்குகிறது. கூடவே ‘ஸ்ட்ரக்ளிங் டு’ போன்ற ஒரு பாடுபடும் சொல்லும் வரும்.

‘மனி இஸ் நோ ஆப்ஜெக்ட்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘பணம் ஒரு பொருளே அல்ல’ என்று தத்துவமாக மொழிபெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஆப்ஜெக்ட் என்றால் தடை. ‘எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை’ என்பது மட்டும்தான் இதன் பொருள். பற்றற்ற துறவி சொல்வதல்ல இது, பணக்காரர் சொல்வது.

இந்தத் தொடர்கள் எங்கிருந்து வந்தன என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதைகளை நம்ப வேண்டாம். ஓவியத்தில் கை, கால் வரைய ஓவியர்கள் கூடுதல் கூலி கேட்டார்களாம், அதனால் ‘ஆர்ம் அண்ட் எ லெக்’ வந்ததாம். தொடரோ 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பிறந்தது. கதை நடப்பதாகச் சொல்லும் காலம் அதற்கு எவ்வளவோ முன்பு. ஜன்னலுக்கு வரி போட்டு வெளிச்சத்தைத் திருடினார்கள், அதனால் ‘டேலைட் ராபரி’ என்பார்கள். இங்கிலாந்தில் ஜன்னல் வரி இருந்தது உண்மை. 1696-இல் வந்து 1851-இல் போனது. ஆனால் அநியாய விலை என்ற பொருளில் அந்தத் தொடர் 20ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வருகிறது. பகலில், எல்லோரும் பார்க்க, துணிந்து அடிக்கிற கொள்ளை என்பதற்கு மேல் அதில் மர்மம் ஏதும் இல்லை. ரோமானியப் படைவீரர்களுக்குச் சம்பளமே உப்பாகத் தந்தார்கள் என்பதற்கும் பழைய ரோமானிய எழுத்துகளில் சான்று கிடையாது. சம்பளத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் உப்பு ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாறாக, பிறந்த வழி ஓரளவு தெரிகிற தொடர் ‘ப்ரிங் ஹோம் த பேக்கன்’. பேக்கன் என்றால் உப்பிட்ட பன்றி இறைச்சி; தொடருக்குக் குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுவது என்று பொருள். 1906 செப்டம்பர் 3 அன்று நெவாடாவின் கோல்ட்ஃபீல்டில் ஜோ கான்ஸ், பேட்லிங் நெல்சனோடு குத்துச்சண்டைக்கு இறங்கியபோது, பேக்கனோடு வீட்டுக்கு வா என்று அவருடைய அம்மா தந்தி அடித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. கான்ஸ் ஜெயித்தார், தொடர் ஊரெங்கும் பரவியது.

நம்மவர்கள் பெருமையோடு சொல்கிற ஒன்றையும் தொட்டுவிடுகிறேன்: ‘கேஷ் என்ற ஆங்கிலச் சொல் நம் காசுதான்’. பாதி உண்மை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் இரண்டு கேஷ் இருக்கின்றன. சீனாவிலும் தென்னிந்தியாவிலும் புழங்கிய சிறு நாணயத்தைக் குறிக்கும் கேஷ், தமிழ்க் காசிலிருந்து போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போனது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பெட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஒன்றை வைத்து ஆதாயம் பார்ப்பதை ‘கேஷ் இன் ஆன்’ என்று சொல்லும்போது நாம் தொடுவது அந்தப் பெட்டியைத்தான்.

யாரிடம், எங்கே என்ற கேள்விக்கு என் பழக்கத்தைச் சொல்கிறேன். ‘இன் த ரெட்’, ‘பாட்டம் லைன்’ (கடைசியில் நிற்கிற லாப நஷ்டக் கணக்கு), ‘டைட்டன் அவர் பெல்ட்ஸ்’ போன்றவை அலுவலகக் கடிதத்திலும் செல்லும். ‘காஸ்ட் எ பாம்’ (எக்கச்சக்க விலை), ‘ரோலிங் இன் இட்’ (பணத்தில் புரள்வது), ‘ஸ்கின்ட்’ (கையில் காசில்லை) எல்லாம் தோளில் கைபோட்டுப் பேசுகிறவர்களோடு மட்டும். இவை பிரிட்டனில் அதிகம். ‘பே த்ரூ த நோஸ்’, அதாவது அநியாய விலை கொடுப்பது என்று சொல்லும்போது நீங்கள் வாங்கியவராக இருக்க வேண்டும். உங்கள் பொருளை வாங்கியவரிடமே சொன்னால் ‘நன்றாக ஏமாந்தீர்கள்’ என்று ஆகிவிடும். ‘வென்ட் ஃபார் எ சாங்’ என்பதற்கு அடிமாட்டு விலை என்று போடலாம். ஆனால் அடிமாட்டு விலையில் விற்றவன் வயிற்றெரிச்சல் கேட்கிறது, ‘சாங்’கில் வாங்கியவன் உற்சாகமும் சேர்ந்து கேட்கிறது. யார் பக்கம் நின்று பேசுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையில் ஒரு சின்ன வம்பு: ‘டென் பக்ஸ்’ என்று அமெரிக்க டாலருக்குப் பன்மை வரும், ‘டென் க்விட்’ என்று பிரிட்டிஷ் பவுண்டுக்கு வராது. ஆயிரத்தைக் குறிக்கும் ‘கிராண்ட்’டும் ‘ஃபைவ் கிராண்ட்’தான். சட்டென்று திரும்புகிற வண்டி அமெரிக்காவில் ‘ஆன் எ டைம்’ (டைம் என்பது இங்கே நேரமல்ல, பத்து சென்ட் நாணயம்) திரும்பும், பிரிட்டனில் ‘ஆன் எ சிக்ஸ்பென்ஸ்’. அந்த ஆறு பென்ஸ் நாணயம் 1980-லேயே செல்லாக்காசாகிவிட்டது; பேச்சில் மட்டும் இன்னும் செல்கிறது.

கடைசியாக ‘மை டூ சென்ட்ஸ்’. கருத்தைச் சொல்லி முடித்துவிட்டு, ‘இதற்கு இரண்டு காசு மதிப்புதான், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பணிவு காட்டுவது. பிரிட்டனில் ‘மை டூ பென்ஸ்’ என்பார்கள். சக ஊழியர்களுக்குள் நடக்கும் யோசனைப் பரிமாற்றத்தில் அழகாக இருக்கும். நீங்களே உங்களுடையதைத்தான் இரண்டு சென்ட் என்று சொல்லலாம். அடுத்தவர் சொன்னதை ‘யுவர் டூ சென்ட்ஸ்’ என்றால் ‘உன்னை யார் கேட்டது’ என்ற தொனி வந்துவிடும். சம்பளம் கொடுத்து உங்களிடம் கேட்டு வாங்குகிற அறிக்கையின் அடியிலும் அதைப் போடாதீர்கள். கொடுத்த காசுக்கு இரண்டு சென்ட்தானா கிடைத்தது என்று வாங்கியவர் கேட்பார்.